ஒரு புத்தகம் நிஜமாகவே தடையில் இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி?

'தடை செய்யப்பட்ட நூல்' என்று யாராவது பகிர்ந்தால், அதற்கான அறிவிக்கை (அரசிதழில் வரும் அரசு உத்தரவு) எங்கே என்று முதலில் கேளுங்கள். ஒரு நூலைத் தடுக்க அதன் பிரதிகளைப் பறிமுதல் செய்ய வேண்டுமென்றால் அரசு காரணத்தைச் சொல்லி அறிவிக்கை வெளியிட்டாக வேண்டும், 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் 25 நூல்களுக்கு நடந்ததைப் போல. அறிவிக்கை அரசிதழில் வெளியான தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் சம்பந்தப்பட்டவர் உயர் நீதிமன்றம் போகலாம்.

வெளிநாட்டிலிருந்து நூலைக் கொண்டுவர விதிக்கும் இறக்குமதித் தடை வேறு. சல்மான் ருஷ்டியின் 'தி சாத்தானிக் வெர்சஸ்' நாவலுக்கான 1988 சுங்க அறிவிக்கையை அதிகாரிகளால் காட்டவே முடியவில்லை, அதனால் அப்படியொன்று இல்லை என்றே கருத வேண்டும் என 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அப்புறம், எதிர்ப்பு வேறு, தடை வேறு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' தெருவில் எரிக்கப்பட்டது, அவர் எழுதுவதையே நிறுத்தினார். ஆனால் 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை கேட்ட மனுவை ஏற்கவில்லை. இன்றும் கடையில் கிடைக்கிறது, வாங்கிப் படியுங்கள்.