வெளிநாட்டிலிருந்து ஊருக்குக் காசு அனுப்பும் பிள்ளைகளுக்கு

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வங்கியின் கவுண்டரில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். கனடாவிலும் லண்டனிலும் சுவிஸிலும் இருக்கிற மருமக்கள் இன்றைக்கும் என்னிடம்தான் கேட்பார்கள்: "மாமா, வீட்டுக்குக் காசு எதில் அனுப்புறது, மிச்சத்தை எங்கே போடுறது?" அவர்களுக்குச் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல், அம்மாவின் செலவுக் காசும் உங்கள் சேமிப்பும் ஒரே கணக்கில் விழக்கூடாது. அம்மாவின் புத்தகத்தில் மாதாமாதம் சேர்கிற காசில் எது மருந்துக்கு, எது நீங்கள் வீடு கட்ட வைத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. கோயில் திருவிழா வரும், தங்கைச்சியின் கலியாணம் வரும், அம்மா எடுத்துக் கொடுப்பார். அதில் அவரிடம் பிழையே இல்லை. அவர் காலமானால் அவர் பெயரிலுள்ள காசு பொதுவாக எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்காகும். "அது நான் அனுப்பினது" என்று கவுண்டருக்கு முன்னால் நின்று அழுத பிள்ளைகளையும், அதோடு பேச்சை விட்ட சகோதரங்களையும் கண்டிருக்கிறேன்.

உங்கள் சேமிப்புக்கு உங்கள் பெயரிலேயே வெளிநாட்டு நாணயக் கணக்கு திறவுங்கள். முன்னர் என்.ஆர்.எஃப்.சி. என்றார்கள், 2017ஆம் ஆண்டின் புதிய செலாவணிச் சட்டத்துக்குப் பிறகு பி.எஃப்.சி.ஏ. என்கிறார்கள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்த இலங்கை வம்சாவளியினரும் திறக்கலாம். டொலர் டொலராகவே இருக்கும், வேண்டுமானால் திரும்ப வெளியே அனுப்பலாம். இது ஏன் முக்கியம் என்று 2022 காட்டியது. 2021 கடைசியில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபாவுக்குச் சற்று மேல். 2022 மே மாதத்தில் 350ஐத் தாண்டிவிட்டது. ரூபாவில் நிலையான வைப்பில் கிடந்த 10 இலட்சம், ஏறத்தாழ 5,000 டொலர் பெறுமதியிலிருந்து 3,000க்கும் கீழே இறங்கியது. வட்டி கூட என்று ரூபாவில் போடுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். வங்கி முறிந்தால் காசைத் திருப்பித் தரும் வைப்புக் காப்புறுதியும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரைதான்.

அனுப்பும்போது "கட்டணம் இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 500 டொலர் கொடுத்தால் ஊர்க் கணக்கில் எத்தனை ரூபா விழும், அதை மட்டும் கேளுங்கள். டொலருக்கு 4 ரூபா குறைத்துத் தந்தால் 2,000 ரூபா போய்விட்டது, கட்டணம் இல்லாமலே. வங்கிக்கு வங்கி அனுப்பினால் இடையிலுள்ள வங்கியும் ஒரு தொகை கழிக்கும். ஆகவே சிறு தொகைகளைப் பிரித்துப் பிரித்து அந்த வழியில் அனுப்புவது நட்டம்.

அப்புறம் பெயர். எங்களூரில் எல்லாருக்கும் ஒரு வீட்டுப் பெயர் இருக்கும். பிள்ளை அங்கிருந்து அந்தப் பெயரைப் போட்டு அனுப்பிவிடும். அடையாள அட்டையில் தகப்பன் பெயரோடு முழுப் பெயர் இருக்கும். சாவகச்சேரியிலிருந்து பஸ் ஏறி வந்த கிழவியை, காசு எடுக்கும் இலக்கத்தைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்தும், அதற்காகவே திருப்பி அனுப்ப வேண்டி வந்ததுண்டு. அட்டையின் இரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதிலுள்ள முழுப் பெயரை அப்படியே பதியுங்கள். அதைவிட நல்லது நேரே கணக்குக்குப் போடுவது.

உண்டியலில், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் காசு மாற்றும் வழியில், ஒன்றிரண்டு ரூபா கூடக் கிடைக்கும்தான். ஆனால் அது சட்டத்துக்குப் புறம்பு, கையில் பற்றுச்சீட்டும் இராது. நாளைக்குக் காணி வாங்கும்போது காசு எங்கிருந்து வந்தது என்று எதைக் காட்டுவீர்கள்? காணி என்றால் இன்னொன்று: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி, இரட்டைக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பிரசை பொதுவாக இங்கே காணி வாங்க முடியாது. முதலில் குடியுரிமையைச் சரிபார்த்துவிட்டுப் ஒரு பரப்புக் காணி என்ன விலை என்று கேளுங்கள்.

கடன் அட்டையில் 20 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்க ஊரில் வைப்புப் போடாதீர்கள், அதை முதலில் அடையுங்கள். மூன்று மாதச் செலவு அங்கேயே கையில் இருக்கட்டும். கனடாவில் இருப்பவர்கள் ஊர் வைப்பின் வட்டியையும் வருமான வரியில் காட்ட வேண்டும். வைப்பும் வாடகைக்கு விட்ட வீடும் சேர்ந்து வாங்கிய விலையில் ஒரு இலட்சம் கனடிய டொலரைத் தாண்டினால் வெளிநாட்டுச் சொத்தைக் காட்டும் ரி1135 படிவமும் உண்டு, தாமதித்தால் தண்டம்.

கணக்கு திறக்கும் நாளிலேயே பின்னுரித்தாளியின், அதாவது உங்களுக்குப் பிறகு காசைப் பெற வேண்டியவரின், பெயரைக் கொடுங்கள். அந்தப் பெட்டியை வெறுமையாக விட்டுப் போனவர்களின் குடும்பங்கள் நீதிமன்றம் ஏறி இறங்குகின்றன. வருடத்துக்கு ஒருமுறையாவது கணக்கில் ஏதாவது போடுங்கள் அல்லது எடுங்கள். 10 வருடம் தொடாமல் கிடந்தால் காசு மத்திய வங்கிக்குப் போய்விடும். உரியவர் கேட்டால் திரும்பக் கிடைக்கும், ஆனால் அதற்கு அந்தக் கணக்கு இருப்பது வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.