பிடித்த டிடிஎஸ் 26ஏஎஸ்-இல் ஏறாதபோது: என் அனுபவம்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, அம்பாசமுத்திரம், தென்காசி வரை அழைக்கும் மருத்துவமனைகளுக்குச் சென்று மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் நான். மாதச் சம்பளம் கிடையாது, அப்போதிருந்த வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின்கீழ் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) போகத்தான் கட்டணம் கைக்கு வந்தது. 2023-24 நிதியாண்டுக்கு, தொழில்முறையாளருக்கான எளிய கணக்கு முறையான 44ஏடிஏ பிரிவின்படி மொத்த வரவில் பாதியை வருமானமாகக் காட்டிக் கணக்குத் தாக்கல் செய்தேன். ரீஃபண்டுக்குப் பதிலாக, வரி பாக்கி என்று, வரித்துறை கணக்கைச் சரிபார்த்து அனுப்பும் 143(1) அறிவிப்பு வந்தது. ஒரு மருத்துவமனை பிடித்த ஒரு காலாண்டுத் தொகை, என் பெயரில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் இல்லவே இல்லை.

வரித்துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையான ஏஐஎஸ்-இல் மறுப்புப் பதிவு செய்தது பயன்படவில்லை. அது 26ஏஎஸ்-ஐ மாற்றாது. அறிவிப்பில் உள்ள பிழையைத் திருத்தும்படி 154-ஆம் பிரிவின்கீழ் வரித்துறையிடம் கோரியதற்கும் பழைய பதிலே வந்தது. மருத்துவமனை அலுவலகமோ, "பணம் கட்டியாச்சு டாக்டர்" என்று வரி கட்டிய ரசீதான சலானை நீட்டியது. பணம் கட்டியது உண்மைதான். ஆனால் யாருக்காகக் கட்டினார்கள் என்பது சலானில் இராது.

ஆகவே, யாரிடம் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று அவர்கள் காலாண்டுதோறும் தாக்கல் செய்த 26க்யூ அறிக்கையை வரிவரியாகத் திறந்து காட்டும்படி கேட்டேன். பெயர் என்னுடையதே, தொகையும் சரியே; பான் எண் மட்டும் மேல்வரியில் இருந்த மற்றொரு மருத்துவருடையது. வரவு பெயரைப் பார்த்து ஏறுவதில்லை, பானைப் பார்த்தே ஏறுகிறது. அதுவும் செல்லுபடியாகும் பான் என்பதால் டிடிஎஸ் அறிக்கைகளைக் கையாளும் வரித்துறையின் ட்ரேசஸ் தளம் பிழை எதுவும் காட்டவில்லை.

அவர்களுடைய ஆடிட்டர் திருத்த அறிக்கை தாக்கல் செய்தார். 26ஏஎஸ்-இல் அந்த வரிக்கு எதிரே 'எஃப்' (ஃபைனல், அதாவது வரவு உறுதியானது) என்ற குறி விழும்வரை காத்திருந்து, அதன் பிறகே மறுபடியும் திருத்தம் கோரினேன். பாக்கி நீங்கி, ரீஃபண்ட் வங்கிக் கணக்கில் சேர்ந்தது, பெரிய நிம்மதி.