பழைய ஹைலக்ஸை உயர்த்துவதற்கு முன்

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் தம்பி ஒருவன் கூப்பிட்டான். "அண்ணை, டபுள் கேப் ஒண்டு எடுத்திட்டன். வந்து ஒருக்கா பாருங்கோ." போய்ப் பார்த்தால் 1990களில் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்106, இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் சாமான் பெட்டியும் உள்ள பிக்கப். 2.8 லீட்டர் 3எல் டீசல் என்ஜின், முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பிரிங் பிளேட், முன்னால் ஒரே துண்டாக வரும் திடமான அச்சு. எனக்கு இன்றைக்கும் ஆசை தீராத வண்டி.

2020 இல் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு இந்தப் பழைய வண்டிகளின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 இல் இறக்குமதி திரும்பத் தொடங்கினாலும், வரியோடு சேர்த்துப் புது டபுள் கேப் வாங்க எங்களைப் போன்றவர்களால் முடியாது. அதனால்தான் வவுனியாப் பக்கம் வீட்டு முற்றங்களில் இவ்வளவு பேர் ஸ்பனரோடு நிற்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தத் தம்பி பெரிய டயருக்கும், வண்டியை உயர்த்தப் பூட்டும் பாகங்களடங்கிய கிட்டுக்கும் முற்பணம் கொடுத்துவிட்டான். பிரேக்கை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. பத்து வருடங்களுக்கு முன் நான் செய்ததும் அச்சு அசலாக இதுதான்.

ஒயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது எல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன். பலர் விடும் பிழைகளையும் மறக்கும் வேலைகளையும் மட்டும் சொல்கிறேன்.

சேஸை வெளியில் மட்டும் பார்ப்பது

எங்கள் பக்கத்தில் கிடைக்கும் வண்டிகளில் பல, ஒரு காலத்தில் முல்லைத்தீவிலோ மன்னாரிலோ மீன் ஏற்றியவை. உப்புத் தண்ணீர் பின் பெட்டியிலிருந்து வடிந்து, வண்டியின் அடிச்சட்டமான குழாய் போன்ற சேஸுக்குள் இறங்கிச் சேறோடு தங்கிவிடும். துரு உள்ளிருந்துதான் தொடங்கும். வெளியே கறுப்புப் பெயின்ட் பளபளக்கும். சின்னச் சுத்தியலால் பின் ஸ்பிரிங் பூட்டும் இடங்களைச் சுற்றித் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், துருப்பிடித்தது மொத்தென்று கேட்கும். பெயின்ட் அடிக்கும் யோசனை அதற்குப் பிறகு வரட்டும்.

டைமிங் பெல்ட்

என்ஜினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் பெல்ட் இது. வாங்கிய வாரமே மாற்றுங்கள். மீட்டர் காட்டும் கணக்கை நம்ப வேண்டாம். பெல்ட் அறுந்தால் அந்த வால்வுகள் வளையும்.

பிரேக்கை மறந்து வண்டியை உயர்த்துவது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

ஹைலக்ஸின் பின் அச்சுக்கு மேலே, சேஸில் ஒரு சின்ன பிரேக் வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி அச்சுக்கு வரும். பாரம் ஏற்றினால் சேஸ் தாழும், கம்பி வால்வை அமத்தும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். பெட்டி வெறுமையாக இருந்தால் சேஸ் மேலே நிற்கும், வால்வு பின் பிரேக்கைக் குறைக்கும். வெறும் பெட்டியோடு சடன் பிரேக் போட்டாலும் பின் சில்லு உருளாமல் பூட்டி வண்டி சுழன்றுவிடாமல் இருப்பது அந்த வால்வால்தான்.

இப்போது வண்டியை மூன்று அங்குலம் உயர்த்துகிறீர்கள். சேஸுக்கும் அச்சுக்கும் நடுவே தூரம் கூடிவிட்டது. வால்வுக்கு நீங்கள் கிட் பூட்டியது தெரியாது. பெட்டி எப்போதும் வெறுமை என்றே அது நினைக்கும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும், மிச்சம் முழுவதையும் முன் பிரேக் சுமக்கும்.

எனக்கு இது தெரியாது. உயர்த்திக் கொடுத்த கராஜிலும் யாரும் சொல்லவில்லை. கிட் பெட்டிக்குள் அதற்கான துண்டும் இருக்கவில்லை. சமதரையில் பிரேக் கொஞ்சம் மந்தமாக இருந்தது. புது பிரேக் பாட் பழகட்டும் என்று இருந்துவிட்டேன். அப்புறம் குடும்பத்தோடு நுவரெலியா போய், றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினோம். மழை. பின்னால் சாமான்கள், உள்ளே ஐந்து பேர். பாதி இறக்கத்தில் எரிந்த வாடை வந்தது. பிரேக்கை மிதித்தால் கால் கீழே போகிறது, வண்டி நிற்கவில்லை. இரண்டாம் கியருக்குக் குறைத்து, கை பிரேக்கை மெல்ல மெல்லப் பிடித்து, ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அங்கேயே இருந்தோம். மனைவி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து முன் டிஸ்க் ஒரு சோடி மாற்றினேன், பாட் இரண்டு தடவை மாற்றினேன், கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தை வரை போய் பிரேக் மாஸ்டர் சிலிண்டரும் வாங்கிப் போட்டேன். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் பின்னால் குந்தியிருந்து, அந்தக் கம்பியை ஒரு விரலால் ஆட்டிக் காட்டினார். "தம்பி, இதுக்கு ஆர் சொன்னது நீர் வண்டியை உயர்த்தினீர் எண்டு?" ஒரு பட்டை இரும்பை வளைத்துத் துளை போட்டு, அச்சில் கம்பி பூட்டும் இடத்தை மூன்று அங்குலம் மேலே தூக்கினார். பிரேக் திரும்பி வந்தது. எனக்குச் செலவான காசில் அந்த இரும்பின் விலை நூறில் ஒரு பங்குகூட வராது.

ஆகவே எத்தனை அங்குலம் உயர்த்துகிறீர்களோ, அச்சுப் பக்கத்துக் கம்பிப் பிடியையும் அத்தனை அங்குலம் உயர்த்துங்கள். பிரேக் குழாயிலிருந்து காற்று எடுக்கும்போது அந்த வால்விலும் காற்றை வெளியே விடும் ஒரு நிப்பிள் இருக்கிறது, அதையும் திறந்து எடுக்க வேண்டும். பிறகு ஆளில்லாத ஈர மண் பாதையில் மெதுவாகப் போய்ப் பிரேக்கை இறுக்கிப் பாருங்கள். முன் சில்லு முதலில் பூட்ட வேண்டும். பின் சில்லு முந்தினால் கம்பிப் பிடியை அளவுக்கு மேல் உயர்த்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சிலர் வால்வையே கழற்றி எறிந்துவிட்டு நேர்க் குழாய் போடுகிறார்கள். அந்தத் தம்பியும் அதைத்தான் கேட்டான். தயவுசெய்து செய்யாதீர்கள். வெறும் பெட்டியோடு மழையில் ஒரு வளைவில் பிரேக் போட்டால் வண்டியின் பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு வரும்.

உயரத்தோடு வேறு மூன்றும் மாறும். பிரேக் ஹோஸ் இழுபட்டு நிற்கும், நீளமானது போடுங்கள். அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெலர் ஷாஃப்டின் சரிவு கூடி, அதன் முனை மூட்டான குரொஸ் சீக்கிரம் தேயும். முன் அச்சின் சாய்வு மாறி ஸ்டியரிங் அலையும். முதல் தடவை இரண்டு அங்குலமே போதும்.

பெரிய டயர்

205ஆர்16 என்ற அளவு டயர் இருந்த இடத்தில் 31 அங்குல டயர் போட்டால் மீட்டர் 60 காட்டும்போது நீங்கள் 63க்கு மேல் போகிறீர்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, ஸ்பிரிங்கில் உரசுகிறதா என்று பாருங்கள்.

முன் நக்கிளை வெளியில் மட்டும் துடைப்பது

முன் சில்லுக்குப் பின்னாலுள்ள உருண்டையில், அதாவது நக்கிளில், கிரீஸ் தண்ணீராக வடிந்தால் வெளி ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை. உள்ளே அச்சுக் குழாயின் முனையில் இருக்கும் சீல் போயிருக்கும். அச்சின் நடுவிலுள்ள டிஃபரென்ஷியல் ஒயில் அதன் வழியாக வந்து கிரீஸைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. முழுதாகத் திறந்து, கழுவி, சீலும் பேரிங்கும் மாற்றுங்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். அவசரப்படாதீர்கள்.

வெல்டிங்

பற்றரியைக் கழற்றிவிட்டுத்தான்.

சேஸ் இலக்கம்

வண்டியின் அடையாளமே அதுதான். கிரைண்டர் அதற்குக் கிட்டவே போகக்கூடாது.

தம்பி கிட்டுக்குக் கொடுத்த முற்பணத்தைத் திருப்பி வாங்க முடியவில்லை. சரி, கிட் மூலையில் இருக்கட்டும் என்றேன். இந்தச் சனிக்கிழமை பின் பிரேக் டிரம்மைத் திறக்கப் போகிறோம்.