குதிரையை மூச்சு விட விடுங்கள்: சவாரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குதிகாலை இறக்கு, முன்னால் பார் என்பதையெல்லாம் முதல் வாரத்திலேயே காது புளிக்கக் கேட்டிருப்பீர்கள். அவற்றை விட்டுவிடலாம். சவாரியை உள்ளுக்குள் கெடுக்கும் தவறுகள் வேறு.

கேன்டர் (மிதவேகப் பாய்ச்சல் ஓட்டம்) கேட்கும்போது மூச்சைப் பிடிப்பது

மூச்சைப் பிடித்ததும் வயிறு இறுகும், இடுப்பு பூட்டிக்கொள்ளும். குதிரையும் முதுகை விறைத்துக்கொண்டு ட்ராட் என்ற துள்ளோட்டத்திலேயே வேகமெடுக்கும், கேன்டர் வராது. மூச்சை வெளியே விடும்போது சைகை கொடுங்கள். மறந்துபோகிறவர்கள் ஒவ்வோர் அடியையும் வாய்விட்டு எண்ணலாம். பேசிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாதே!

முழங்காலால் கவ்வுவது

வேண்டாம். கவ்வக் கவ்வ உட்கார்ந்த இடத்திலிருந்து மேலே தள்ளப்படுவீர்கள்.

கழுத்தை இழுத்து வளைப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தருவது இதுதான். டிரஸாஜ் (குதிரையின் நடையழகைக் காட்டும் போட்டி) படங்களில் வளைந்த கழுத்தைப் பார்த்துவிட்டு, லகானைக் குட்டையாக்கி இடமும் வலமுமாக மாறி மாறி இழுப்பார்கள். குதிரை வலி தாங்காமல் வாயைத் திறக்கும். உடனே மூக்குப்பட்டையை இன்னொரு துளை இறுக்கிவிட்டு, "வாயை மூடிடுச்சு பாருங்க சார்" என்பார்கள். திறந்த வாய் ஒரு புகார். பட்டையை இறுக்கினால் புகார்தான் அடங்கும், வலி அப்படியே இருக்கும்.

குதிரையால் வாய்வழியே மூச்சு விட முடியாது; மூக்கு ஒன்றுதான் வழி. ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு, கேலப் என்ற முழுவேக ஓட்டத்தில் 120-க்கும் மேல். கேன்டரிலும் கேலப்பிலும் ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சு: முன்கால்கள் பாரம் தாங்கும்போது காற்று வெளியேறும், பிறகு உள்ளே வரும். நின்று நிதானமாக ஒரு மூச்சு இழுக்க அதற்கு இடமே இல்லை. மோவாய் நெஞ்சை நோக்கி மடங்கினால் தொண்டையில் காற்றுப்பாதை ஒடுங்குகிறது. கழுத்து நீள வழியில்லாததால் எட்டி வைக்கும் அடியும் குறுகுகிறது. சவாரிக்காரரோ குதிரை சோம்பேறி என்று நினைத்து விலாவில் உதைக்கிறார். பின்னாலிருந்து விரட்டல், முன்னால் பிரேக்!

நெற்றியிலிருந்து மூக்கு வரையிலான கோடு செங்குத்துக்குச் சற்று முன்னால் இருக்கட்டும். கேன்டரில் உள்பக்கக் கையை (வளைவின் உட்புறம் இருப்பதை) இரண்டு பாய்ச்சலுக்கு முன்னே நீட்டி லகானைத் தளர்த்திப் பாருங்கள். தாளம் மாறாவிட்டால் குதிரை தன் பாரத்தைத் தானே தாங்குகிறது. முன்னால் சரிந்து ஓடினால் இதுவரை உங்கள் கையில் தொங்கியிருக்கிறது.

மூக்குப்பட்டைக்கு இரண்டு விரல் இடைவெளி. அதை மூக்கெலும்பின் மேல்தான் அளக்க வேண்டும். பக்கவாட்டில் குழிவு இருப்பதால் இறுக்கமான பட்டைக்குள்ளும் அங்கே விரல் நுழைந்துவிடும்.

எல்லா நடைக்கும் ஒரே கை

சாதாரண நடையிலும் கேன்டரிலும் குதிரையின் தலை முன்னும் பின்னும் ஆடும். உங்கள் முழங்கை திறந்து மூடி அதோடு போக வேண்டும். ட்ராட்டில் தலை பெரிதாக ஆடாது. அங்கே கை அசையாமல் இருக்கட்டும்.

சேணத்தை முன்தள்ளிக் கட்டுவது

முன்கால் நீளும்போது தோள்பட்டை எலும்பின் மேல்முனை பின்னால் நகரும். சேணம் அதன்மேல் உட்கார்ந்தால் எட்டி வைக்கும் அடி குறுகிவிடும். கொஞ்சம் முன்னால் வைத்து, முடியின் போக்கிலேயே பின்னால் வழுக்கி, தானாக நிற்கும் இடத்தில் விடுங்கள். வயிற்றுப்பட்டையை ஒரே மூச்சில் இறுக்காமல் துளை துளையாக, இருபுறமும் சமமாக இறுக்குங்கள். முன்கால்களை ஒவ்வொன்றாக முன்னே நீட்டி, பட்டைக்கடியில் மடிந்த தோலைச் சரிசெய்யுங்கள். ஐந்து நிமிடம் நடத்திய பிறகு, ஏறுவதற்கு முன் இன்னொரு முறை பாருங்கள். அதற்குள் ஒரு துளையாவது தளர்ந்திருக்கும்.