சமையல் மேடைக்குக் கல் எடுக்கப் போறீங்களா? முதல்ல உங்க வீட்டுத் தண்ணியைப் பாருங்க

வீடு கட்டும்போது டைல்ஸ், பெயின்ட், ஜன்னல் கம்பி எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறோம். சமையல் மேடைக் கல்லுக்கு மட்டும், "நாளைக்குக் கல்லு வந்துட்டாத் தேவலைங்க" என்று மேஸ்திரி சொன்ன பிறகுதான் வண்டியை எடுக்கிறோம். கடையில் துடைத்து நிறுத்தியிருக்கும் கல் எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். வீட்டில் அதன் மேல் தண்ணீர், எண்ணெய், மஞ்சள், புளி எல்லாம் சிந்தும். அதைத் தாங்குமா என்று பார்த்து எடுப்பது எப்படி என்று, முதல்முறை கல் எடுப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர்

சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீட்டுக்கும், போர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் பல்லடம், அவிநாசிப் பக்கத்து வீட்டுக்கும் ஒரே கல் சரிப்படாது. உப்புத் தண்ணீர் காயும்போது அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து கல் மேல் வெள்ளையாகத் தங்கிவிடும். கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட கறுப்புக் கல்லில் அது சிலேட்டில் சாக்பீஸ் கோடு இழுத்தது போலத் தெரியும். குழாயடியைச் சுற்றி எந்நேரமும் துணியும் கையுமாக நிற்க வேண்டியதுதான்.

உங்கள் வீட்டு வாளியின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். வெள்ளையாகச் சொரசொரப்பு இருந்தால் பாலிஷ் கறுப்பை மறந்துவிடுங்கள். கறுப்புதான் வேண்டும் என்றால், பளபளப்பில்லாமல் லேசான மேடு பள்ளத்தோடு வரும் லெதர் ஃபினிஷில் எடுக்கலாம். இல்லையென்றால் சாம்பலும் கறுப்புமாகப் புள்ளி கலந்த ஸ்டீல் கிரே, பழுப்பு நிற டேன் பிரவுன் மாதிரி கற்கள் நிம்மதி.

எந்தக் கல்?

புழங்கும் சமையலறை என்றால் என் ஓட்டு கிரானைட்டுக்குத்தான். சூட்டுக்கும் கீறலுக்கும் புளிக்கும் அவ்வளவாக அசையாது. கடைகளில் கிரானைட் என்று விற்கும் கறுப்புக் கற்களில் பல, டோலரைட், கேப்ரோ வகைப் பாறைகள். நெருக்கமான கல் என்பதால் தண்ணீரையும் எண்ணெயையும் மிகக் குறைவாகவே உறிஞ்சும். பொன் புள்ளி மின்னும் பிளாக் கேலக்ஸி, ஆந்திராவில் ஓங்கோல் அருகே சீமகுர்த்தியில் வெட்டப்படுவது. டேன் பிரவுன் தெலங்கானாவின் கரீம்நகர் பக்கத்துக் கல். வெளிர் நிறக் கிரானைட்டுகளில் பல கொஞ்சம் தண்ணீர் குடிக்கும். அவற்றை எடுத்தால் தண்ணீரும் எண்ணெயும் உள்ளே இறங்காமல் தடுக்கும் சீலர் பூச வேண்டும், தேய்ந்ததும் திரும்பவும் பூச வேண்டும்.

மார்பிள் வேண்டாம். அது சுண்ணாம்பு வகைக் கல். எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்தினால் பாலிஷ் அரித்து, அந்த இடம் மங்கிவிடும். பழைய வீடுகளில் மேடைக்குப் போட்ட கடப்பாக்கல்லும் சுண்ணாம்புக் கல்தான். மேடைக்குக் கீழே அலமாரித் தட்டாகப் போட அதைவிட மலிவும் உறுதியும் வேறில்லை. மேலே மட்டும் வேண்டாம்.

கடையில் குவார்ட்ஸ் என்பது, குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் தூளை ரெசின் என்னும் பிளாஸ்டிக் வகைப் பிசினில் பிணைத்து ஆலையில் செய்யும் பலகை. எடையில் சுமார் 90 சதவீதம் தூள், மீதி பெரும்பாலும் ரெசின். ஒரே சீரான வெள்ளை வேண்டுமென்றால் இது அழகு. ஆனால் கொதிக்கும் வாணலியை அப்படியே இறக்கி வைத்தால் அந்த ரெசின் பழுத்துவிடும். பொடக்காலியில், அதாவது வீட்டுக்குப் பின்னால், வெயில் படும் இடத்தில் விறகடுப்பு மேடை கட்டுகிறீர்கள் என்றால் குவார்ட்ஸ் கூடவே கூடாது. இதை அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசியால் தொழிலாளர்களுக்கு நுரையீரல் நோய் வந்ததால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையையே தடை செய்துவிட்டது. கிரானைட்டிலும் சிலிக்கா உண்டு. உங்கள் வீட்டில் எந்தக் கல்லை அறுத்தாலும் தண்ணீர் ஊற்றி, வெளியில் வைத்து, முகக்கவசத்தோடு அறுக்கச் சொல்லுங்கள். அறுக்கிறவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே.

துண்டு வாங்கி வந்து ஒரு ராத்திரி வையுங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதித் தவறு குறையும். பிடித்த கற்கள் இரண்டு மூன்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் உடைந்த துண்டு கேளுங்கள். பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். பாலிஷ் பக்கம் கையளவாவது இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் துண்டைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். ஒரு மூலையில் வெறும் தண்ணீர் நாலு சொட்டு. கால் மணி நேரம் கழித்துத் துடைத்தால் கல் பழைய நிறத்திலேயே இருக்க வேண்டும். ஈரத் தடம் கறுத்துத் தெரிந்தால் அது உறிஞ்சும் கல். இன்னொரு மூலையில் ஈரோட்டு மஞ்சள் தூளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து வைத்துவிடுங்கள். மூன்றாவது இடத்தில் எலுமிச்சைச் சாறு. இந்த இரண்டும் விடியும் வரை அப்படியே கிடக்கட்டும். காலையில் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்துக் கழுவி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மஞ்சள் வட்டம் மிச்சமிருந்தாலும், எலுமிச்சை பட்ட இடம் மங்கியிருந்தாலும் அந்தக் கல்லை விட்டுவிடலாம்.

கறுப்புக் கல்லுக்குக் கூடுதலாக ஒரு சோதனை. வெளுத்த கல்லுக்குச் சாயமோ எண்ணெயோ ஏற்றிக் கறுப்பாக்கி விற்பது உண்டு. நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்து அழுத்தித் தேயுங்கள். துணி கறுத்தால் கல்லின் நிறம் அதனுடையது அல்ல.

முழுப் பலகையைப் பார்க்கும்போது

கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு அருகே ஜிகனி என்று ஆலைகளுக்கே போய் எடுப்பவர்களும் உண்டு. ஒரு மேடைக்காக மட்டும் அவ்வளவு தூரம் போவது வண்டிச் செலவுக்குக் கட்டாது. வீடு முழுக்கத் தரைக்கும் சேர்த்து எடுப்பதானால் யோசிக்கலாம்.

எங்கே எடுத்தாலும் பலகையைத் தண்ணீரால் நனைத்துக் காயவிடச் சொல்லுங்கள். மற்ற இடம் காய்ந்த பிறகும் கோடு மட்டும் ஈரமாக நின்றால் அங்கே விரிசல் இருக்கிறது. நகத்தால் குறுக்கே இழுத்தும் பாருங்கள், நகம் மாட்டினால் சந்தேகம் உறுதி. பின்பக்கம் வலை ஒட்டியிருந்தால், ஏன் ஒட்டினார்கள் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். கனம் 18 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. வாயால் சொல்வதை நம்பாமல் நாலு இடத்தில் டேப் வைத்துப் பாருங்கள். ஒரே கல்லில்கூட ஒரு முனை மெலிந்திருக்கும்.

மேடைக்கு அகலமான பெரிய பலகை தேவையில்லை. இரண்டு, இரண்டரை அடி அகலத்தில் வரும் கட்டர் சைஸ் போதும், விலையும் குறைவு.

பாலிஷா, லெதரா?

பாலிஷ் துடைக்கச் சுலபம். ஒரு இழுப்பில் மாவு, எண்ணெய் எல்லாம் வந்துவிடும். லெதர் ஃபினிஷில் லேசான மேடு பள்ளம் இருக்கும். நீர்த்தடமும் கைரேகையும் தெரியாது, ஆனால் காய்ந்த இட்லி மாவைச் சுரண்ட இரண்டு இழுப்பு கூடுதலாகும். வெளிர் நிறக் கல்லில் லெதர் எடுக்காதீர்கள், கறை பிடிக்கும். தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம்ட் வாசல் படிக்கும் போர்டிகோவுக்கும்தான்.

ஓர மோல்டிங்

இதற்கு ரன்னிங் அடிக் கணக்கில் தனிக் கூலி. முழு வட்டமாக உருட்டும் ஃபுல் ரவுண்டைத்தான் பலர் கேட்கிறார்கள். பார்க்க அழகு. ஆனால் மேடையில் சிந்திய தண்ணீர் அந்த வளைவைப் பிடித்துக்கொண்டே அடிப்பக்கம் போய், கீழே இருக்கும் அலமாரிக் கதவில் இறங்கும். பிளைவுட் உப்பிப் போவது இப்படித்தான். மேல் விளிம்பை மட்டும் உருட்டி, கீழே நேராக விடும் ஹாஃப் ரவுண்ட் எடுங்கள். கல்லைக் கதவிலிருந்து ஒரு அங்குலம் முன்னால் நீட்டி, அடியில் நீளவாக்கில் ஒரு சின்னக் காடி வெட்டச் சொல்லுங்கள். தண்ணீர் அந்தக் காடியைத் தாண்டாமல் கீழே சொட்டிவிடும்.

மோல்டிங் எதுவும் வேண்டாம், நேர் வெட்டு போதும் என்றாலும் கூர்முனையை இரண்டு மில்லிமீட்டராவது சாய்த்துத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் குக்கர் மோதும்போது சில்லு பெயரும். அடியில் இன்னொரு பட்டை ஒட்டித் தடிமனாகக் காட்டும் டபுள் மோல்டிங் வெறும் தோற்றத்துக்குத்தான்.

அளவும் ஓட்டையும்

எல் வடிவ மேடையில் மூலையை இரண்டு தடவை கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஒரு பக்கம் 10 அடி, மறுபக்கம் 8 அடி, அகலம் 2 அடி என்றால், மறுபக்கத்தில் மூலையின் 2 அடியைக் கழிக்க வேண்டும். 10-ம் 6-ம் 16, அதை இரண்டால் பெருக்கினால் 32 சதுர அடி. சேதாரம் தனி.

சிங்க், அடுப்பு ஓட்டைகளின் உள்மூலைகளை உருட்டலாக வெட்டச் சொல்லுங்கள். கூர்மையாக வெட்டினால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். சிங்க்குக்கு முன்னும் பின்னும் இருக்கும் ஒடுக்கமான பட்டைதான் கல்லின் பலவீனமான இடம், அங்கே இணைப்பு வரவே கூடாது. உயரம் பொதுவாக 32 முதல் 34 அங்குலம். சமைப்பவரை நிற்க வைத்து அளந்துகொள்ளுங்கள், மேலே வைக்கும் அடுப்பின் உயரத்தையும் சேர்த்து.

ஒட்டும் நாளில்

வெளிர் நிறக் கல்லைச் சாதா சிமென்ட் கலவையில் ஒட்டினால் அந்த ஈரம் மேலேறித் திட்டுத் திட்டாகக் கறுக்கும். வெள்ளை நிற டைல் பசை வாங்கிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்பார்கள். "அண்ணா, அது மட்டும் வேண்டாங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆசிட் பட்டால் சில கற்களில் துரு நிறம் கிளம்பும், ஸ்டீல் சிங்க்கும் கறுத்துப் போகும். கறை காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்தாலே போதும்.

அப்புறம், சிங்க்குக்காக வெட்டி எடுத்த துண்டுக்கும் சதுர அடிக் கணக்கில் காசு கொடுத்திருக்கிறீர்கள். அதைக் கேட்டு வாங்கி, ஓரத்தை லேசாகத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். சப்பாத்தி தேய்க்க அருமையான பலகை.