ஓடிபி சொல்வதற்கு முன்: மருத்துவக் காப்பீட்டுப் படிவத்தில் நோய் விவரத்தை நிரப்புவது எப்படி

அப்பச்சிக்கு (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பித்தப்பைக் கல் ஆபரேஷன் முடிந்து காரைக்குடி வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் இன்சூரன்ஸ் கம்பெனியின் மின்னஞ்சல் வந்தது. பாலிசி எடுக்கும்போது ரத்த அழுத்தம் இருந்ததை நீங்கள் தெரிவிக்கவில்லை, ஆகவே கிளெய்ம் கிடையாது, பாலிசியும் ரத்து என்று இருந்தது. 2021 பிப்ரவரியில் எடுத்த பாலிசி. 2023 ஜூனில் ஆபரேஷன். பித்தப்பைக் கல்லுக்குக் கிளெய்ம் கேட்க முடியாத இரண்டு வருடக் காத்திருப்புக் காலமும் தாண்டிவிட்டது என்று நிம்மதியாக இருந்தோம். நாங்கள் எதையும் மறைக்கவில்லை. ஆனால் படிவத்தில் ரத்த அழுத்தம் என்ற கேள்விக்கு நேராக 'இல்லை' என்றுதான் இருந்தது.

அந்த ஒரு 'இல்லை'யைச் சரிசெய்ய எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. அப்பா அம்மாவுக்கு முதல் முறையாகப் பாலிசி எடுக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தக் கம்பெனி, எத்தனை லட்சம் என்பதற்குள் நான் போகவில்லை. புரபோசல் படிவத்தில், அதாவது பாலிசி கேட்டு நாம் கொடுக்கும் விண்ணப்பத்தில், உடல்நலக் கேள்விகள் வரும் அந்த ஒரு பக்கம் மட்டும்தான் இங்கே விஷயம்.

அந்தப் பக்கத்துக்கு ஏன் இவ்வளவு கனம்

கடையில் சாமான் வாங்கும்போது குறை இருக்கிறதா என்று பார்ப்பது வாங்குபவர் பொறுப்பு. இன்சூரன்ஸில் அப்படி இல்லை. உங்கள் உடம்பைப் பற்றி உங்களுக்குத்தான் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. ஆகவே தெரிந்ததைச் சொல்லும் கடமை உங்களுடையது. இந்தக் கொள்கைக்கு வேராகச் சொல்லப்படும் தீர்ப்பு 1766-ஆம் வருடத்தது. லண்டனில் மான்ஸ்ஃபீல்டு பிரபு கொடுத்தது. வழக்கோ, பிற்காலத்தில் நம் ஊர்க்காரர்கள் கொண்டுவிற்கப் போன கடற்பக்கத்தைச் சேர்ந்தது: சுமத்ராவில் இருந்த மார்ல்பரோ கோட்டைக்கு எடுத்த இன்சூரன்ஸ். அதில் ஜெயித்தது இன்சூரன்ஸ் கொடுத்தவர் பக்கம் இல்லை. உனக்கே தெரிந்ததை, தெரிந்திருக்க வேண்டியதை அவர் சொல்லவில்லை என்று நீ குறை சொல்ல முடியாது என்றார் நீதிபதி.

அந்தப் பிரிட்டனே 2012-இல் தனிநபர் பாலிசிகளுக்கு மட்டும் சட்டத்தை மாற்றிக்கொண்டது. இப்போது அங்கே கம்பெனி கேட்கும் கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். நம் நாட்டில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. முக்கியமான விவரம் விடுபட்டிருந்தால் பாலிசி செல்லாது, கட்டிய பிரீமியமும் போய்விடும் என்ற வரி உங்கள் பாலிசியிலேயே இருக்கும். தேடிப் படித்துவிடுங்கள்.

படி 1: தகர டப்பாவைத் திறங்கள்

எங்கள் வீட்டில் மருந்துச் சீட்டெல்லாம் இரண்டாம் கட்டு அலமாரியில், ஐயா காலத்து மலேயா பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. அதைப் பட்டாலையில் கொட்டித் தேதிவாரியாக அடுக்கினேன். ரப்பர் பேண்ட் போட்ட ரத்தப் பரிசோதனைத் தாள்கள், பாதி தின்ற மாத்திரை அட்டைகள், மதுரையில் எடுத்த எக்ஸ்ரே. அட்டையில் இருக்கும் மருந்துப் பெயரைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். சீட்டு தொலைந்திருக்கும், மாத்திரை தொலையாது.

இதற்கு ஆப் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஆளுக்கு இரண்டு பக்கம்: என்ன நோய், எந்த மாதம் எந்த வருடம் கண்டுபிடித்தார்கள், என்ன மாத்திரை, எந்த ஊர் டாக்டர். எழுதி முடித்துப் போனில் போட்டோ எடுத்து, உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அதில் தேதி பதிந்துவிடும்.

அப்பாவிடம் மட்டும் கேட்டு எழுதாதீர்கள். அப்பச்சியைக் கேட்டால் "எனக்கு என்னப்பா, ஒண்ணுமில்லை" என்பார்கள். ஆத்தாவை, அதாவது அம்மாவைக் கேட்டால்தான் 2019 தைப்பூசத்துக்கு நடந்து போய் வந்த பிறகு தலைசுற்றியது, டாக்டர் தினம் ஒரு மாத்திரை எழுதினார் என்று வரும்.

இன்னொன்று. "மாத்திரை போடுறதால பிரஷர் நார்மலாத்தான் இருக்கு, அப்ப எதுக்கு எழுதணும்?" என்று கேட்காத வீடே இல்லை. மாத்திரையால் கட்டுக்குள் இருக்கிறது என்றால் நோய் இருக்கிறது என்றுதான் பொருள். பதில் 'ஆம்'.

படி 2: கேள்வியை முழுதாகப் படியுங்கள்

விதிப்படி, பாலிசி எடுப்பதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் கண்டறியப்பட்ட அல்லது மருத்துவம் பார்த்த நோயைத்தான் 'ஏற்கெனவே உள்ள நோய்' என்பார்கள். அதற்கான காத்திருப்புக் காலமும் 2024-இலிருந்து அதிகபட்சம் 36 மாதம். முன்பு 48. ஆனால் படிவத்தில் 'எப்போதாவது' என்று கேட்டிருந்தால் பத்து வருடத்துக்கு முந்தைய ஆபரேஷனையும் எழுத வேண்டும். விதியில் 36 மாதம்தானே என்று நீங்களாகக் கழித்துவிடாதீர்கள்.

புகையிலைக் கேள்வியில் பலர் சிகரெட்டை மட்டும் நினைக்கிறார்கள். 'எந்த வடிவிலும்' என்று இருந்தால் வெற்றிலையோடு போடும் புகையிலையும் சேர்த்தி. சந்தேகமானதை எழுதிவிடுங்கள். எழுதினால் பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், காத்திருப்புக் காலம் வரலாம், சில சமயம் பாலிசியே தர மறுக்கலாம். மறுத்தால் இன்னொரு கம்பெனிக்குப் போகலாம். ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது மறுத்தால் எங்கே போவது?

எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதீர்கள். காலியான கட்டத்தோடு பிரீமியம் வாங்கிப் பாலிசியும் கொடுத்த கம்பெனி, பிறகு மறைத்தீர்கள் என்று சொல்ல முடியாது என்று 2021-இல் மன்மோகன் நந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது வழக்குக்குப் போனவருக்கு உதவும். நமக்கு வழக்கே வேண்டாம்.

படி 3: ஓடிபி (நாங்கள் சறுக்கியது இங்கேதான்)

அப்பச்சியின் பிரஷர் மருந்துச் சீட்டை ஏஜென்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். "கிடைச்சுது தம்பி, பாரம் போட்டுடறேன்" என்றார். இரண்டு நாள் கழித்து, கடையில் ஆள் நிற்கும் நேரத்தில் போன். "ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க தம்பி." ஆறு இலக்கம். சொன்னேன். அவ்வளவுதான்.

அந்த ஆறு இலக்கம்தான் கையெழுத்து. மேலே உள்ள எல்லாப் பதிலும் என்னுடையது, படித்துப் பார்த்தேன், உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கான கையெழுத்து. குறுஞ்செய்தியில் ஓடிபிக்கு மேலே ஒரு லிங்க் இருந்தது. நான் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஏழாவது கேள்வியில் 'இல்லை' என்பதைப் பார்த்திருப்பேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பது பொதுவாகச் செல்லாது என்று 2019-இல் ஒரு ஆயுள் காப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் மறைத்தது நோய்கூட இல்லை, வேறு கம்பெனியில் ஏற்கெனவே எடுத்த ஒரு பாலிசி.

ஆகவே செய்ய வேண்டியது: ஏஜென்டிடம் "லிங்கைத் திறந்து பார்த்துட்டு ராத்திரி சொல்றேண்ணே" என்று சொல்லுங்கள். போன் திரையில் படிப்பது கஷ்டம் என்றால் பிடிஎப் இறக்கி, ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, நோட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கேள்வியாக டிக் அடியுங்கள். ஒன்று தப்பாக இருந்தாலும் ஓடிபி சொல்லாதீர்கள். திருத்தி, புதிய லிங்க் அனுப்பச் சொல்லுங்கள். இதற்கு அவசரப்படுத்தும் ஏஜென்டை மாற்றிவிடுவது நல்லது. படிவம் ஆங்கிலத்தில் இருந்து உங்களுக்குப் புரியவில்லை என்றால், படித்துச் சொன்னவர் 'விளக்கிச் சொன்னேன்' என்று உறுதி கொடுக்கும் பகுதி தனியாக இருக்கும். அதை நிரப்பாமல் விடாதீர்கள்.

கம்பெனியிலிருந்து மருத்துவர் போனில் கேள்வி கேட்டாலும் இதே கதைதான். அந்தப் பேச்சு பதிவாகிறது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

படி 4: பாலிசி வந்ததும்

பாலிசி கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் ஃப்ரீ லுக். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். சில்லறைப் பிடித்தம் போகப் பணம் வரும். புரபோசல் படிவத்தின் நகலும் கூட வந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். தவறு கண்ணில் பட்டால் அன்றே கம்பெனிக்கு மின்னஞ்சல். ஏஜென்டுக்குப் போனில் சொல்வது கணக்கில் வராது.

படி 5: பழைய பாலிசியில் ஏற்கெனவே தப்பு இருக்கிறது

கிளெய்ம் வருவதற்கு முன்னால் நீங்களே எழுதிச் சொல்லிவிடுங்கள். கூடுதல் பிரீமியம் கேட்கலாம், அந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் போடலாம், ரத்தும் செய்யலாம். மூன்றுமே, எழுபது வயதில் ஆபரேஷன் முடிந்த பிறகு தெரியவருவதைவிட மேல்.

"ஐந்து வருஷம் ஓட்டிட்டா கேட்க மாட்டாங்களாமே?" என்கிறார்கள். இடைவெளி இல்லாமல் 60 மாதம் முடிந்துவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தீர்கள் என்று மருத்துவக் கிளெய்மை மறுக்க முடியாது. 2024-க்கு முன் இது எட்டு வருடம். பாலிசித் தொகையை இடையில் உயர்த்தியிருந்தால், உயர்த்திய பங்குக்கு அன்றிலிருந்து புதுக் கணக்கு. ஆனால் அந்த ஐந்து வருடமும் நோய் வராது என்று யார் சொல்ல முடியும்?

ஆயுள் காப்பீட்டில் இது மூன்று வருடம். 1938 இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 2015 திருத்தத்துக்குப் பிறகு, மூன்று வருடம் கடந்த பாலிசியை எந்தக் காரணத்துக்காகவும் கேள்வி கேட்க முடியாது என்கிறது. காலாவதியாகிப் புதுப்பித்திருந்தால் புதுப்பித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். மூன்று வருடத்துக்குள் மோசடி இல்லாத தவறுக்காக மறுத்தால், கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

படி 6: ஆஸ்பத்திரி வாசலில்

கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் "எத்தனை வருஷமா பிரஷர்?" என்று கேட்டார். பதற்றத்தில் ஆத்தா "அது பத்து வருஷமா இருக்குங்க" என்றார்கள். கேஸ் ஷீட்டில் பத்து வருடம் ஏறிவிட்டது, அங்கிருந்து டிஸ்சார்ஜ் சம்மரிக்கும் போனது. உண்மையில் சுமார் இரண்டு வருடம்தான் பாலிசிக்கு முந்தையது. பொய் சொல்லச் சொல்லவில்லை. நோட்டைப் பார்த்துச் சரியான வருடத்தைச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன் சம்மரியைப் படித்து, தப்பு இருந்தால் பழைய சீட்டைக் காட்டித் திருத்தி வாங்குங்கள். வீட்டுக்கு வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

படி 7: மறுத்துவிட்டார்கள் என்றால்

மறுப்பை எழுத்தில், எந்த விதிப்படி என்பதோடு வாங்குங்கள். இப்போது கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்பது இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ ஆணையத்தின் விதி. முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல். ஐஆர்டிஏஐயின் புகார்த் தளமான பீமா பரோசாவிலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால், இப்படிப்பட்ட புகார்களை விசாரித்து முடிவு சொல்லும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். கட்டணம் இல்லை, வக்கீல் கிடையாது, 50 லட்சம் வரை பார்க்கிறார்கள். கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

விசாரணை வீடியோவில் நடந்தது. பல்லவன் ரயில் ஏறிச் சென்னைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கம் ஆவணம் இரண்டுதான்: பித்தப்பைக் கல்லுக்கும் பிரஷருக்கும் சம்பந்தம் இல்லை என்ற சர்ஜனின் கடிதம், படிவத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஏஜென்டுக்குப் போன அந்த வாட்ஸ்அப் போட்டோ. மறைக்கும் எண்ணம் இல்லை என்பதற்கு அந்தப் போட்டோதான் சாட்சி. 2024 ஜனவரியில் கிளெய்ம் தொகை 1,12,000 ரூபாயையும் முழுதாகக் கொடுக்க உத்தரவு வந்தது. எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. சம்பந்தமில்லாத நோய் என்றாலும் மறைத்தது மறைத்ததுதான் என்று போன முடிவுகளும் உண்டு. ஆம்புட்ஸ்மேனிடம் கிடைக்கவில்லை என்றால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அதற்கு இரண்டு வருடக் கெடு. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.

பிற்சேர்க்கை: தேவகோட்டை வாசகர் ஒருவர் வீட்டு இன்சூரன்ஸுக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருந்தார். நிச்சயமாக. நம் பக்கத்து வீடுகளுக்கு இன்னும் அதிகமாகவே. வருடத்தில் பத்து மாதம் பூட்டிக்கிடக்கிறதா, எத்தனை பங்காளிகளுக்குப் பாத்தியம், படப்பிடிப்புக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடுகிறீர்களா என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். 'குடியிருப்பு' என்று மட்டும் போட்டுவிட்டு, படப்பிடிப்பு விளக்கிலிருந்து தீப்பிடித்தால் கம்பெனி முதலில் கேட்பது அதைத்தான். நீண்ட நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு நிபந்தனை என்ன என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: கம்பெனி மாறுகிறவர்கள், புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்னால் விண்ணப்பியுங்கள். கழித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். ஆனால் புதுக் கம்பெனி புதுப் படிவம் கொடுக்கும். பழைய பாலிசி எடுத்த பிறகு வந்த நோய்களையும் அதில் எழுத வேண்டும். ஆத்தாவுக்கு மாற்றியபோது தைராய்டு மாத்திரையை நோட்டில் சேர்க்க மறந்திருந்தேன். லிங்கை அச்செடுத்துப் படித்த இரவில் ஆத்தாவே சொல்லித்தான் அதை எழுதினோம். மறுநாள் காலை புது லிங்க் வந்த பிறகே ஓடிபி சொன்னேன்.