பிபி ஜாக்கெட்டுக்கு உள்ளே எந்தச் சட்டை? அடிக்கடி நடக்கும் தவறுகள்

பங்குனியில் என் தங்கை மகனுக்குப் பனியன் எடுக்கக் காரைக்குடி கடைவீதிக்குப் போயிருந்தோம். பணம் ஏற்றிச் செல்லும் வேனில் காவல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். வேலை நேரம் முழுக்க குண்டு துளைக்காத ஜாக்கெட், அதாவது எங்கள் பேச்சில் பிபி ஜாக்கெட், போட்டிருக்க வேண்டும். கடையில் ஒரு வலைப் பனியனைத் தூக்கி வாயருகே பிடித்து ஊதினான். மறுபக்கம் வைத்திருந்த உள்ளங்கையில் காற்று பட்டது. “மாமா, இதுதான் நல்லாக் காத்துப் போகுது. இதையே நாலு எடுத்துக்கலாம்” என்றான்.

துணை ராணுவத்தில் இருபது வருடம் அந்த ஜாக்கெட்டைச் சுமந்தவன் நான். முதல் கோடையில் நானும் இப்படி ஊதிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரே வாரத்தில் முதுகு முழுக்க வேர்க்குரு. இப்போது காவல் வேலைக்கும், இலுப்பைக்குடியில் இருக்கும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படைப் பயிற்சி மையம் போன்ற இடங்களுக்கும் போகிற தம்பிகள் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊதிப் பார்ப்பதுதான் முதல் தவறு. வெறும் சட்டையோடு நடக்கிறவருக்கு அது சரியான சோதனை. ஜாக்கெட் போடுகிறவருக்கு அது உதவாது. மார்பிலும் முதுகிலும் பிளேட், அதாவது ஜாக்கெட்டுக்குள் இருக்கும் குண்டு தடுக்கும் கடினத் தகடு, வந்து உட்கார்ந்துவிட்டால், சட்டையில் எத்தனை துளை இருந்தாலும் அந்த இடத்தில் காற்றுக்கு வழியில்லை. நம் ஊர் பெரிய வீடுகளில் வளவுக்கு, அதாவது திறந்த நடு முற்றத்துக்கு, மேலே தகரம் போட்டு மூடிவிட்டவர்களைக் கேட்டால் தெரியும். வரிசையாகச் சன்னல் இருந்தும் உள்ளே புழுங்கும். சூடு மேலே ஏறிப் போகும் வாசலை அடைத்த பிறகு சன்னல் என்ன செய்யும்?

வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிராது, அந்த வியர்வை ஆவியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். அதே ஒரு லிட்டர் இடுப்பில் வழிந்து கால்சட்டையை நனைத்தால், தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். ஜாக்கெட் போட்ட உடம்பில் ஆவியாக இடம் இருப்பது கழுத்தோரம், அக்குள், விலாப்பக்கம், இடுப்போரம், அப்புறம் இரண்டு கைகள். ஆகவே பிளேட்டுக்கு அடியில் தேங்கும் ஈரத்தை அந்த ஓரங்களுக்கு இழுத்துக்கொண்டு போகிற சட்டைதான் வேண்டும். காற்று போகிறதா என்று பார்க்காமல் ஈரம் பரவுகிறதா என்று பாருங்கள். சட்டையின் உள்பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சொட்டு முத்தாக உருண்டு நின்றாலோ, விழுந்த இடத்திலேயே ஊறி நின்றாலோ வேண்டாம். சில விநாடியில் விரிந்து வெளிப்பக்கத்தில் அகலமாக ஈரம் தெரிந்தால் எடுக்கலாம். புதுத் துணியில் இருக்கும் பூச்சு சில சமயம் ஏமாற்றும். அதனால் ஒன்று மட்டும் வாங்கி, ஒருமுறை துவைத்துவிட்டு வீட்டில் பார்ப்பது நல்லது.

இரண்டாவது தவறைச் சொன்னால் நம் ஊரில் கோபம் வரும்: முழுப் பருத்தியை எடுப்பது. காரைக்குடி கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நானும் மகிழ்ந்தவன்தான். எங்கள் அப்பத்தா கட்டிய கண்டாங்கி இன்னும் வீட்டில் கிழியாமல் இருக்கிறது. வெளிக்காற்று படுகிற உடைக்குப் பருத்தியை விட்டால் நமக்கு வேறில்லை. மூடிய ஜாக்கெட்டுக்கு அடியில் அதே குணம் எதிராகத் திரும்பும். சாதாரண நிலையிலேயே பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் அளவுக்கு ஈரத்தை இழைக்குள் வைத்திருக்கும். பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். வியர்வை ஊறிய பருத்தி சீக்கிரம் விடாது, கனக்கும், உடம்போடு ஒட்டும். ஈரத் தோலில் உராய்வு அதிகம். தோள்பட்டையில் வார் அழுத்துகிற இடத்திலும், பிளேட்டின் கீழ் விளிம்பு இடிக்கிற இடத்திலும் தோல் உரிவது இதனால்தான். நாலு மணி நேரக் காவலுக்குப் பருத்தி தாங்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்குத் தாங்காது.

சரி, அப்படியானால் டிரை-ஃபிட் என்று விற்கிற பாலியஸ்டர் பனியனை எடுத்துவிடலாமா? பெரும்பாலான காவல் வேலைக்கு எடுக்கலாம். ஆனால் நெருப்பு வரக்கூடிய வேலை என்றால் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பாலியஸ்டர் 250 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் உருகும். உருகிய துணி தோலில் ஒட்டிக்கொள்ளும், பிய்த்தால் தோலோடு வரும். இராக்கில் குண்டுவெடிப்பில் தீப்பிடித்த வண்டிகளிலிருந்து மீட்கப்பட்ட வீரர்களுக்கு இப்படி நேர்ந்ததைப் பார்த்துத்தான், 2006-இல் அமெரிக்க மரைன் படை முகாமுக்கு வெளியே போகும் வீரர்கள் பாலியஸ்டர், நைலான் விளையாட்டு உடைகளை அணியக் கூடாது என்று தடை போட்டது. பருத்தியும் எரியும், ஆனால் உருகி ஒட்டாது. கலவரப் பாதுகாப்பு, தீயணைப்பு, வெல்டிங் நடக்கிற தொழிற்சாலைக் காவல் என்றால் தீத்தடுப்புத் துணியில் தைத்த சட்டையை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் வேர்க்குருவைப் பொறுத்துக்கொண்டு பருத்தியே போடுங்கள், இரண்டு மூன்று மாற்றுச் சட்டையோடு. கலப்புத் துணி நடுவழி என்று சிலர் சொல்வார்கள். ஈரத்துக்கு அது நடுவழிதான். நெருப்பில் அதிலுள்ள பாலியஸ்டரும் உருகத்தான் செய்யும்.

அடுத்தது துணியின் உழைப்பு. தடிமனாக இருந்தால் நீண்ட நாள் வரும் என்று நினைப்பவர்கள் அதிகம். தடித்த துணி சூட்டைக் கூட்டும், காய நேரம் எடுக்கும். கிழிவது எப்போதும் நான்கைந்து இடத்தில்தான்: தோள் வாரின் அடி, அக்குள் தையல், முழங்கை, விலாவில் வெல்குரோ உரசும் இடம். அங்கே துணியும் தையலும் எப்படி இருக்கிறது என்று பார்த்தால் போதும். உடல்பகுதிக்குச் சதுர மீட்டருக்கு 140 முதல் 160 கிராம் எடையுள்ள பின்னலாடைத் துணி போதுமானது. திருப்பூர்ச் சரக்கு விற்கும் கடையில் ஜிஎஸ்எம் எவ்வளவு என்று கேட்டாலே சொல்வார்கள். தோளுக்கு நேர் மேலே தையல் ஓடினால் வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள். பத்துக் கிலோ ஜாக்கெட்டின் வார் அந்தத் தையல்மேல் நாள் முழுக்க உட்காரும். கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாகத் தையல் போகும் ராக்லன் கை இருந்தால் நல்லது. தையலைச் சட்டையின் உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள், மேடு தட்டக் கூடாது. அக்குளில் ஒரு சிறு ஒட்டுத் துண்டு வைத்துத் தைத்திருந்தால் கையைத் தூக்கும்போது கிழியாது.

படைகளில் இப்போது வந்திருக்கும் காம்பாட் சட்டை இந்தக் கணக்கில்தான் தைக்கப்பட்டிருக்கிறது. ஜாக்கெட்டுக்குள் மறையும் உடல்பகுதி மெல்லிய பனியன் துணி. வெளியே தெரியும் கைகள் ரிப்ஸ்டாப். சிறு சிறு கட்டமாகத் தடித்த நூல் ஓடும் துணி அது, ஓரிடத்தில் கிழிந்தால் அடுத்த கட்டத்தில் நின்றுவிடும். நம் பக்கம் கண்மாய்க்கரை, பொட்டல் எங்கே போனாலும் சீமைக்கருவேலம் இருக்கிறது. வலைத்துணிக் கையோடு அதற்குள் நுழைந்தால் முள் ஒரு நூலைப் பிடித்து இழுக்கும், சாயங்காலத்துக்குள் முழங்கையில் ஓட்டை. சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் பாதுகாப்புக்கு நிற்பவர்கள் போன்று கூட்டத்திலும் வேலியோரத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் கை முக்கியம். கடையில் கிடைக்கிற சட்டையின் கையை வெட்டி, வேறு துணியில் கை வைத்துத் தைத்துத் தரச் சொன்னால் நல்ல தையல்காரர் செய்து கொடுப்பார். நான் அப்படித் தைத்துக்கொண்டது மூன்று வருடம் வந்தது.

மார்பில் பாக்கெட், பொத்தான் வரிசை, மடிப்புக் காலர் இருக்கும் சட்டையை ஜாக்கெட்டுக்குள் போடாதீர்கள். ஒரு பொத்தானை ஒரு மணி நேரம் பிளேட்டால் அழுத்திப் பார்த்தால் காரணம் புரியும்.

அளவில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. காற்றோட்டம் என்று ஒரு அளவு பெரிதாக எடுத்தால் உள்ளே துணி மடிந்து, அந்த மடிப்பு கயிறுபோல் தோலில் பதியும். உடம்போடு இறுக்கிப் பிடிப்பதை எடுத்தால் மூச்சு வாங்கும்போது விலாவில் தடை தெரியும். மடிப்பு விழாமல் உடம்பைத் தொட்டு நிற்பதே அளவு. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் சட்டையின் அடி இடுப்புக்குள்ளிருந்து வெளியே வரக் கூடாது. முடிந்தால் ஜாக்கெட்டைக் கடைக்கே கொண்டுபோய் மேலே போட்டுப் பாருங்கள்.

நல்ல சட்டை போட்டுவிட்டோம், இனி வெயில் ஒன்றும் செய்யாது என்று நம்புவதும் தவறு, இது ஆபத்தான தவறு. மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவும் டெல்லி ஐஐடியும் சேர்ந்து உருவாக்கி 2024-இல் அறிவித்த ‘அபேத்’ ஜாக்கெட்டின் குறைந்தபட்ச எடையே பாதுகாப்பு நிலையைப் பொறுத்து 8.2 கிலோ, 9.5 கிலோ. ஈரப்பதமான இடத்தில் கவச உடை அணிந்திருந்தால், வெப்பம், ஈரப்பதம், வெயில் மூன்றையும் சேர்த்து அளந்த வெப்பக் குறியீட்டோடு (WBGT) 5 டிகிரி ஃபாரன்ஹீட் கூட்டிக் கணக்குப் போடச் சொல்கிறது அமெரிக்க ராணுவக் கையேடு. செல்சியஸில் கிட்டத்தட்ட 3 டிகிரி. அதை எந்தப் பனியனும் ஈடுகட்டாது. தலை சுற்றினால், பேச்சு குழறினால், உடனே நிழலுக்குப் போய் ஜாக்கெட்டைக் கழற்றுங்கள். மேலதிகாரி திட்டினால் திட்டட்டும்.

துவைப்பதில்தான் நல்ல சட்டைகள் பாதி நாளிலேயே போகின்றன. வாசனைக்காகக் கடைசித் தண்ணீரில் ஊற்றும் கண்டிஷனர் இழைமேல் மெழுகுபோல் படிந்து, ஈரம் பரவுவதைக் கெடுத்துவிடும். ஆறு மாதம் நன்றாக இருந்த சட்டை திடீரென்று புழுங்குகிறது என்றால் பெரும்பாலும் இதுதான். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பும் சரியாகப் போகாது, கூட ஒரு வாளி விட்டு அலசுங்கள். துணி இழுபட்டுத் திரும்பச் சேர்க்கும் லைக்ரா நூலைப் பிளீச்சிங் பவுடர் தின்னும். ஜாக்கெட் உறையைச் சேர்த்து மெஷினில் போடும்போது வெல்குரோவை மூடிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் பனியன் துணி முழுக்க நூல் எழும்பும். உச்சி வெயிலில் கொடியில் காயப்போடாமல் நிழலில் உள்பக்கம் வெளியே வரும்படி போட்டாலே இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

அன்று தங்கை மகனுக்கு மெல்லிய பாலியஸ்டர் பின்னலில் ராக்லன் கை வைத்த மூன்று சட்டை எடுத்தோம். ஒன்று உடம்பில், ஒன்று சாப்பாட்டுப் பையில், ஒன்று கொடியில். மதியம் சாப்பிடும் முன்பு மாற்றிக்கொள்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்தேன். இடது தோளில் வார் பட்ட இடம் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. வாரை ஒரு துளை தளர்த்தச் சொல்லி அனுப்பினேன்.